தூதராலயங்கள் யாருக்காக?

சென்ற மாதம் நமது தாலுகா அலுவலகத்துக்கு ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மகனுடைய பாஸ்போர்ட்டின் நகல், ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய துண்டுச் சீட்டு, நகை அடகு வைத்த ரசீது. மகன் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டு முதலாளியின் பெட்டியில். அங்குள்ள நமது தூதராலயத்துக்கு அவன் மூன்று தடவை போயிருக்கிறான். ஒரு தடவை விடுமுறை நாள். ஒரு தடவை மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள். இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுதிக் கொண்டு வா என்றார்கள். அவன் படித்தது ஏழாவது வகுப்பு, அதுவும் தமிழில்.

“தம்பி, தூதராலயம்னா நம்ம சர்க்கார் ஆபீசுதானே? அங்கே தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இருக்க மாட்டாரா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

நியாயமான கேள்வி. மனுவை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஆனால் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. உலகெங்கும் நமது நாட்டின் கொடி பறக்கும் இந்தக் கட்டடங்கள் எதற்காக இருக்கின்றன? யாருக்காக இருக்கின்றன?

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். தூதராலயங்கள் எல்லாம் வீண் செலவு, கோட்டு சூட்டுக்காரர்கள் விருந்து தின்னும் இடம், இழுத்து மூடு என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்சியில் நாம் சேர மாட்டோம். கணக்கைப் பார்த்தால் செலவு மிகுதி என்று சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவிலுள்ள லோவி நிலையம் 2024ல் எடுத்த கணக்குப்படி, உலகத் தலைநகரங்களிலும் பெரிய நகரங்களிலும் சீனாவுக்கு 274 ஸ்தானங்கள், அமெரிக்காவுக்கு 271, துருக்கிக்கு 252. நமக்கு 194. வரிசையில் பதினோராவது இடம். உலகிலேயே அதிக ஜனத்தொகையுள்ள நாடு நாம்! வெளிநாட்டு சர்வீஸில் உள்ள அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர். 2024-25ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் வெளிநாட்டு இலாகாவுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 22,155 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட்டில் நூற்றுக்கு அரை ரூபாய்கூட இல்லை.

தூதர் என்பவர் நாட்டுக்கு நன்மை செய்ய முடியும், உலகத்துக்கே நன்மை செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1950 அக்டோபர் 3ந் தேதி நடுநிசியில் பீகிங்கில் சூ என்-லாய் நமது தூதர் சர்தார் பணிக்கரைக் கூப்பிட்டனுப்பினார். அமெரிக்கப் படை 38வது அட்சரேகையைத் தாண்டினால் சீனா வாளாவிருக்காது என்று சொன்னார். பணிக்கர் செய்தியை உடனே அனுப்பினார். வாஷிங்டன் அதை நம்பவில்லை. பணிக்கர் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டவர் என்று ஏளனம் செய்தது. சில வாரங்களில் சீனத் தொண்டர் படை யாலு நதியைக் கடந்தது. ஒரு தூதரின் தந்தியை அன்று மதித்திருந்தால் எத்தனை லட்சம் உயிர்கள் பிழைத்திருக்கும்! பிறகு 1953ல் கொரியாவில் போர்க் கைதிகளைப் பிரித்து அனுப்பிய நடுநிலை நாடுகளின் கமிஷனுக்கு நமது ஜெனரல் திம்மையா தலைவர். 1954ல் இந்தோ-சீனாவின் சமாதான மேற்பார்வைக் கமிஷன்களுக்கு நமது நாடு தலைமை. சின்னஞ்சிறு இலாகா செய்த வேலைகள் இவை.

இவையெல்லாம் பெருமைதான். ஆனால் இந்த இலாகாவின் பூர்வீகம் ஒன்று உண்டு. பெருமை பேசுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். சுதந்திரத்துக்கு வெகு நாள் முன்பே இந்தியாவின் பிரதிநிதிகள் கடல் கடந்து ஆபீஸ் வைத்திருந்தார்கள். அவர்கள் ராஜாக்களிடம் நியமனப் பத்திரம் கொடுக்கப் போனவர்களல்ல. கூலிகளின் கணக்கைப் பார்க்கப் போனவர்கள். 1922ம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டத்தின் கீழ் இலங்கையில் கண்டியிலும், மலேயாவில் கோலாலம்பூரிலும் இந்திய சர்க்காரின் ஏஜெண்டுகள் அமர்த்தப்பட்டார்கள். 1927ல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஏஜெண்டாகப் போனார். தேயிலைத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் வதைபட்ட தமிழ்க் கூலிக்கு என்ன சம்பளம், எத்தனை படி அரிசி, லயத்தில் எத்தனை பேர் என்று எழுதுவதுதான் கண்டி ஏஜெண்டுக்கும் கோலாலம்பூர் ஏஜெண்டுக்கும் வேலை. ஆக, நமது வெளிநாட்டு ஸ்தானங்களில் பழையவை சில தோட்டத் தொழிலாளியின் முதுகில் கட்டப்பட்டவை. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறிப் போனானே, அவன் முதுகில்.

அந்த ஏஜெண்டுகள் தொழிலாளியின் தோழர்களாக இருந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. துரைமாரோடு தேநீர் குடித்துவிட்டு அறிக்கை எழுதினவர்கள் அதிகம். சாஸ்திரியார் மலேயாவுக்குப் போய் 1937ல் கொடுத்த அறிக்கையும் துரைமாருக்கு நோகாத அறிக்கைதான். ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1938ல் மலேயாத் தோட்ட முதலாளிகள் ஆணின் தினக் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தார்கள். தேசிய இயக்கம் கொந்தளித்தது. இந்திய சர்க்கார் என்ன செய்தது? உதவிப் பணம் கொடுத்து ஆள் அனுப்புவதை அந்த ஜூன் மாதமே தடை செய்தது. ஐந்து காசு குறைத்ததற்கு! செய்தது வெள்ளைக்காரன் சர்க்கார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

சுதந்திரம் வந்தது. ஏஜெண்டு ஆபீசுகள் ஹைகமிஷன்களாயின. கட்டடமும் விருந்தும் பெரிதாயின. கூலியின் கணக்குப் புத்தகம் மட்டும் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது. 1948ல் இலங்கை மலையகத் தமிழரின் பிரஜா உரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 9,75,000 ஜனங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. கண்டி ஆபீசின் ஜன்னலுக்கு முன்னால் மனுத்தாளோடு வரிசையில் நின்ற அந்த மக்களுக்குத் தூதராலயம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஒரு ரப்பர் ஸ்டாம்பில் ஊர் மாறிப் போகும் இடம் அது.

இந்த சர்வீஸின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரீட்சை எழுதித் தேறிய முதல் பெண் அதிகாரி முத்தம்மா. கல்யாணம் செய்து கொள்வதற்கு சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணமானால் வேலையை விடச் சொல்லலாம் என்று பெண்களுக்கு மட்டும் விதி வைத்திருந்தார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார். 1957ல் கேரளக் கம்யூனிஸ்ட் மந்திரி சபையில் இருந்த அதே கிருஷ்ணய்யர்தான். தன் வீட்டுப் பெண்ணுக்கே இந்த நீதி வழங்கிய இலாகாவிடம், வீட்டு வேலைக்குப் போய் எஜமானியிடம் அடிபட்டு ஓடி வரும் கூலிப் பெண் எதை எதிர்பார்ப்பது?

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் மட்டும் ஏறக்குறைய 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கைத்தொழில், கட்டடம், துப்புரவு, வண்டியோட்டுதல், வீட்டு வேலை செய்கிறவர்கள். உலகெங்குமுள்ள இந்தியர்கள் 2024ல் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. டில்லியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பற்றி மந்திரிகள் மார் தட்டுகிறார்களே, அதில் நம்மூர்க் கொத்தனாரின் வியர்வையும் உண்டு.

வளைகுடாவில் நெடுங்காலமாக நடந்து வந்தது கபாலா முறை. தொழிலாளியின் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவன் சம்மதமில்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. சில நாடுகளில் ஊருக்கே திரும்ப முடியாது. மலையகத்தின் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. “துண்டு” என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. இலங்கையில் அந்தத் துண்டு முறை 1921ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நூறு வருஷம் கழித்து அதன் பேரன் பாலைவனத்தில் உயிரோடிருந்தான்! கத்தார் 2020ல் தன் சட்டத்தைத் திருத்தி, முதலாளியின் சம்மதமின்றியே வேலை மாறலாம் என்றது. வேறு சில நாடுகளும் திருத்தம் செய்தன. ஆனால் காகிதத்தில் வந்த உரிமையைக் கையில் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நமது தூதராலயத்தின் தொழிலாளர் அதிகாரிதான்.

அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன் அவருடைய மேலிடம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பத்தாவது தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் 1983ம் வருஷத்துச் சட்டப்படி எமிக்ரேஷன் இலாகாவின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தை நமது சர்க்கார் குறித்திருக்கிறது. அதற்குக் கீழே ஒப்பந்தம் இருந்தால் அனுமதி கிடையாது. ஏழைக்கு இருந்த ஒரே வேலி அது. 2020 செப்டம்பரில், கொரோனாவில் வேலை போய் ஜனங்கள் தவித்துக் கொண்டிருந்த நேரத்தில், வளைகுடா நாடுகளுக்கான அந்தத் தொகையை நமது வெளிநாட்டு இலாகாவே நூற்றுக்கு 30லிருந்து 50 வரை வெட்டியது. சில நாடுகளுக்கு மாதம் 200 டாலர் போதும் என்றது. குறைத்தால்தான் வேலை தப்பும், இல்லாவிட்டால் பக்கத்து நாட்டுக்காரன் கொண்டு போய்விடுவான் என்று சமாதானம் சொன்னார்கள். தொழிலாளர் அமைப்புகள் கண்டனம் எழுப்பின. தெலுங்கானா ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் பழைய தொகைக்கே திரும்பினார்கள். இடையில் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் கதி?

1938ஐ நினைத்துப் பாருங்கள். முதலாளி ஐந்து காசு குறைத்தான் என்று அன்னிய சர்க்கார் ஆளனுப்புவதை நிறுத்தியது. 2020ல் முதலாளி கேட்பதற்கு முன்னால் சுதந்திர இந்தியாவின் சர்க்காரே கூலியைக் குறைத்துத் தட்டில் வைத்து நீட்டியது. இதற்குப் பெயர் ராஜதந்திரமா?

“பொருளாதார ராஜதந்திரம்” என்று இப்போது ஒரு சொல் வழங்குகிறது. தூதர்கள் வியாபாரம் பெருக்க வேண்டும், முதலீடு திரட்ட வேண்டும் என்கிறார்கள். வியாபாரம் வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பெரிய முதலாளியின் பிரதிநிதி வந்தால் தூதரே வாசலுக்கு வருகிறார். கொத்தனார் வந்தால் காவலாளி வருகிறார். பாஸ்போர்ட்டுப் புதுப்பிக்க வருகிறவனின் மனுவை வாங்கும் வேலையைப் பல நாடுகளில் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. அவன் தூதராலயத்தின் படியை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2004ல் கடல் கடந்த இந்தியருக்கென்று ஒரு தனி மந்திரி இலாகா வைத்தார்கள். 2016 ஜனவரியில் அதையும் வெளிநாட்டு இலாகாவோடு கரைத்துவிட்டார்கள்.

பணம் இல்லையா? இருக்கிறது. அதுவும் தொழிலாளியின் பணம். 2009ல் சமூக நல நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தூதராலயத்தில் பாஸ்போர்ட்டு, அத்தாட்சி என்று எந்தக் காரியத்துக்குப் போனாலும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை கூட வசூலித்து அதில் சேர்க்கிறார்கள். ஊர் திரும்ப டிக்கெட், வக்கீல் செலவு, பிணம் அனுப்பும் செலவு, தங்க இடம் இவற்றுக்காகவே அந்த நிதி. நல்ல ஏற்பாடு. ஆனால் 2020ல் ஆயிரம் ஆயிரமாகத் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்து நின்றபோது, மே 7ந் தேதி தொடங்கிய “வந்தே பாரத்” விமானங்களில் டிக்கெட் காசு கொடுத்தவனுக்குத்தான் பொதுவாக இடம். உண்டியல் அவனுடையது, சாவி மட்டும் அவனிடம் இல்லை.

நமது சர்க்காரால் முடியாதென்று சொல்லவில்லை. 1990ல் குவைத் யுத்தத்தின்போது அம்மான் வழியாக 488 விமானங்களில் ஏறக்குறைய 1,70,000 பேரைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். 2015ல் யேமனில் குண்டு மாரிக்கிடையே நமது ஜனங்கள் 4,600 பேருக்கு மேலும், பிற நாட்டார் 900 பேருக்கு மேலும் மீட்கப்பட்டார்கள். தூக்கமில்லாமல் வேலை செய்த சிறு அதிகாரிகளையும் குமாஸ்தாக்களையும் நாம் மனதாரப் பாராட்டுகிறோம். நெருப்புப் பிடித்தால் ஓடி வருகிறார்கள். நெருப்புப் பிடிக்காமல் பார்ப்பது யார்?

உவமைக்காகச் சொல்லவில்லை. 2024 ஜூன் 12ந் தேதி விடியற்காலையில் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியது. நமது நாட்டவர் 45 பேரின் உடல்கள் இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் கொச்சியில் வந்திறங்கின. அதில் 7 பேர் தமிழ்நாட்டார். மந்திரி போனார், விமானம் போனது, சரி. அதற்கு முந்திய நாள் வரை அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள், மாடிப்படி எப்படி இருந்தது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? அன்னிய மண்ணில் தூதராலயம் போய்ச் சோதனை போட முடியாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் குவைத்தோடு 2007லேயே தொழிலாளர் சம்பந்தமாக ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தாகியிருக்கிறது. இரு தரப்பும் உட்கார்ந்து பேச ஏற்பாடும் உண்டு. குடியிருப்புகளைக் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்று அந்த மேஜையில் கேட்க என்ன தடை? எண்ணெய் பேரத்தில் காட்டும் சாமர்த்தியத்தில் பாதியை இதில் காட்டக் கூடாதா?

1963ம் வருஷத்து வியன்னா ஒப்பந்தத்தின் 36வது ஷரத்து, வெளிநாட்டில் கைதானவன் தன் நாட்டுக் கான்சலைச் சந்திக்கும் உரிமையைக் கொடுக்கிறது. குல்பூஷண் ஜாதவுக்காக இந்த ஷரத்தை வைத்து ஹேக் நகர உலகக் கோர்ட்டு வரை நமது சர்க்கார் போனது. 2019 ஜூலையில் ஜெயித்தும் வந்தது. சரியான காரியம். 2025ல் பார்லிமெண்டில் கொடுத்த கணக்குப்படி வெளிநாட்டுச் சிறைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். மிகுதியானவர்கள் சவூதியிலும் எமிரேட்டிலும். அவர்களுக்கும் அதே 36வது ஷரத்துதான். எத்தனை பேரைக் கான்சல் நேரில் பார்த்தார், எத்தனை பேருக்கு வக்கீல் வைத்தார் என்று நாடுவாரியாகக் கணக்கை மேஜை மீது வைக்கட்டுமே.

பிலிப்பைன்ஸ் நம்மைவிடச் சிறிய நாடு, ஆளனுப்பிப் பிழைக்கும் நாடு. 1995 மார்ச்சில் அந்நாட்டு வீட்டு வேலைக்காரப் பெண் புளோர் கொன்டெம்பிளாசியோனை சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். மணிலாவில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷமே சட்டம் வந்தது. 20,000 தொழிலாளருக்கு மேல் உள்ள ஒவ்வொரு நாட்டிலும் தூதராலயத்துக்குள்ளேயே தொழிலாளர் நிலையம். ஞாயிறும் பண்டிகையும் பார்க்காமல் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அங்கும் குறை ஆயிரம் உண்டு. ஆனால் கடமை என்று சட்டத்தில் இருந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நம்மிடம் துபாய், ஷார்ஜா, ரியாத், ஜெட்டா, கோலாலம்பூர் ஆகிய இடங்களில் இப்படி நிலையங்கள் திறந்தார்கள். துபாயில் தமிழிலும் பேச வழி செய்தார்கள். ஆக, மனம் வைத்தால் முடிகிறது. மற்ற ஊர்களில் ஏன் முடியாது?

1983ம் வருஷத்துச் சட்டத்தை மாற்ற 2025 அக்டோபரில் ஒரு மசோதா நகலை வெளிநாட்டு இலாகா வெளியிட்டது. சட்டம் மாறுவதானால் இவை அதில் இருக்க வேண்டும்: தொழிலாளி அதிகமுள்ள ஒவ்வொரு தூதராலயத்திலும் அவன் பேசும் பாஷை தெரிந்த தொழிலாளர் அதிகாரி, அவனுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் கதவு திறந்திருப்பது, மனுவுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தரும் கடமை, தராவிட்டால் அப்பீல், நல நிதியின் வரவு செலவை வருஷந்தோறும் பகிரங்கப்படுத்துவது. குறைந்தபட்சச் சம்பளத்தை இலாகாவின் சுற்றறிக்கையில் வைக்காமல் சட்டத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒரு குமாஸ்தாவின் பேனாவுக்கு அதைக் குறைக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. நமது மாகாண சர்க்காருக்கும் வேலை இருக்கிறது. கேரளம் 1996லேயே இதற்குத் தனி இலாகா கண்டது. தமிழ்நாட்டில் 2011ல் சட்டம் வந்தும் வாரியம் அமையப் பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. பாராளுமன்றத்தில் நமது அங்கத்தினர்கள் இந்த மசோதாவின் ஒவ்வொரு ஷரத்தையும் பிடித்துக் கேட்க வேண்டும். வெளிநாடு போய்த் திரும்பிய தொழிலாளர்களைக் கிராமந்தோறும் கூட்டி, அவர்கள் பட்டதை எழுதி வாங்கி அனுப்ப வேண்டிய பொறுப்பு நமது கிளைகளுடையது.

அந்த அம்மாளின் மகன் விஷயம்: மனு பதிவாகி எண் வந்தது. மூன்று வாரம் கழித்துத் தூதராலயத்திலிருந்து ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார். விசா பிரிவில் வேலை பார்ப்பவராம், மதுரைப் பக்கத்துக்காரர், தன் வேலை நேரம் முடிந்த பிறகு பேசினார். பையனிடம் அரை மணி நேரம் தமிழில் விசாரித்து, அந்த நாட்டு லேபர் கோர்ட்டுக்கு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டு கைக்கு வந்துவிட்டது. ஏழு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.